பின்னிருக்கைக்காரர்கள்

ஜனவரி 8

தண்ணீர் மோட்டார் இன்றும் ஓடவில்லை. புகார் கொடுத்து ஒரு வாரமாகிறது. வருகிறவர் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே காயில் எரிந்து போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்; திரும்பி வருவதில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இரண்டு வாளி தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்த்தாண்டத்திலிருந்து அம்மா ஃபோன் செய்யும்போதெல்லாம், போர் விமானங்கள் நிற்கிற இடத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்கிறாள். காலையில் விமானம் ஏறப் போகிறவர்களின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும், சரியாகத் தூங்கினார்களா என்று கேட்க வேண்டும், பிறகு கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் யாரும் பறக்க முடியாது. அதனால்தான் இங்கே ஒருவரும் என்னிடம் உண்மை பேசுவதில்லை. நூற்றியிரண்டு டிகிரி காய்ச்சலோடு வந்து, வெயிலில் நடந்து வந்தேன் மேடம் என்று சொன்னவர் இருக்கிறார்.

எந்தக் குறையும் இல்லாத ஒரே மனிதர் விங் கமாண்டர் பிரபுசங்கர். பொள்ளாச்சிக்காரர். தளத்தின் தலைவரான சி.ஓ.வுக்கு அடுத்த இடம். தளத்தின் ஆண்டு விழாவில் சாகசம் காட்டப் போகிறவரும் அவர்தான். தினமும் கையை நீட்டிக்கொண்டு, "என்னுங்க டாக்டர், இன்னைக்காச்சும் ஒரு நோயைக் கண்டுபுடிச்சுக் குடுப்பீங்களா?" என்பார். தினமும் சிரிப்பேன். பாம்பு மாதிரி குளிர்ந்த நாடி அவருக்கு.

ஜனவரி 12

ஃப்ளைட் லெப்டினன்ட் தமீம் காது வலி என்று வந்தான். கீழக்கரைப் பையன், பிரபுசங்கரைப் போல விமானி அல்ல, பின்னிருக்கைக்காரன். எங்கள் விமானங்களில் இரண்டு இருக்கைகள். முன்னால் இருப்பவர் ஓட்டுவார். பின்னால் இருப்பவர் ராடாரையும் ஆயுதங்களையும் பார்த்துக்கொள்வார். விமானத்தைத் திருப்பும் பிடி அவர் கையில் இல்லை.

காதுக்குள் பார்த்தேன். செவிப்பறை எந்தக் குறையும் இல்லாமல் முத்து மாதிரி இருந்தது. வலிக்கிறதா என்றால் வலிக்கிறது என்கிறான். வேறு ஏதாவது என்றேன். இல்லை என்றான். மூன்று நாள் பறக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, பரீட்சை தள்ளிப்போன மாணவனைப் போல வெளியே போனான்.

ஜனவரி 18

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் நாள். வயிற்று வலி என்று ஒருவன், கழுத்துப் பிடிப்பு என்று ஒருவன். இரண்டு பேரும் பின்னிருக்கைக்காரர்கள். இரண்டாமவனிடம், யாரோடு போவதாக இருந்தது என்று சும்மா கேட்டேன். பிரபுசங்கர் சாரோடு என்றான். முதல் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் அதையேதான் சொன்னான். தமீம் அன்றைக்கு யாரோடு போக வேண்டியிருந்தது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஏன் என்று கேட்டால், கண்களைத் தரையில் வைத்துக்கொண்டு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜனவரி 20

தளத்தின் வாசலுக்கு ஒரு பெண்ணைச் சுமை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். காவலர்களோடு கத்திச் சண்டை போட்டு உள்ளே அழைத்து வந்தேன். பெயர் சண்முகக்கனி. தளத்துக்குக் கிழக்கே, கடல் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் காயலை ஒட்டிய உப்பளத்தில் வேலை. நாற்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஒரு காதில் ஓயாமல் இரைச்சல்.

மாவுக்கட்டுப் போடும்போது அவளாகவே சொன்னாள்: "வரப்புல நின்னு உப்பு வாரிட்டிருந்தேன்மா. சத்தம் முன்னால வரல பாத்துக்கிடுங்க. பிளேன் போன பொறவுதான் சத்தம் வந்துச்சு. தலைக்கு மேல கம்பி வேலி அளவு உசரம். பாத்தியில கெடந்த தண்ணி அப்படியே ரெண்டா பொளந்து எம்மேல அடிச்சுது. விழுந்துட்டேன்."

ஒருவேளை உயரம் தவறாகத் தெரிந்திருக்கலாம் என்றேன். என்னையே பார்த்தாள்.

"அந்த ஆளு தலையைத் திருப்பி எங்களைப் பாத்தான்மா. வெள்ளைத் தொப்பிக்குள்ள கறுப்புக் கண்ணாடி. அவ்வளவு கிட்ட."

விதிப்படி அந்தப் பகுதியில் முந்நூறு அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பறந்தது பிரபுசங்கர் மட்டும்தான்.

ஜனவரி 21

சி.ஓ. குரூப் கேப்டன் பத்வாலைப் பார்த்தேன். நல்ல மனிதர், இமாசலக்காரர், எல்லாரையும் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துத்தான் இல்லை என்று சொல்வார். எனக்கும் தேநீர் வந்தது. கிராமத்துப் பெண்களுக்கு விமானம் எப்போதும் தலைமேல் வருவது போலத்தான் இருக்கும் என்றார். விமானத்தின் பதிவுக் கருவியை இறக்கிப் பார்த்தால் எத்தனை அடி என்று தெரிந்துவிடுமே என்றேன். ஒரு குற்றச்சாட்டு இருந்தால்தான் இறக்க முடியும், குற்றம் சாட்டுவது யார் என்று கேட்டார். சண்முகக்கனி என்றேன். சிரித்தார். பிறகு, பிரபுசங்கரைப் போன்ற கை பத்து வருடத்துக்கு ஒன்றுதான் வரும் என்றார்.

கையெழுத்துப் போட்டு வேறொருவர் சொன்னால் பார்ப்பாராம். பின்னிருக்கையில் உட்கார்ந்தவர்கள் தவிர வேறு யார் சொல்ல முடியும்? அவர்களுக்கோ காது வலி, வயிற்று வலி.

ஜனவரி 24

ஞாயிறு. துணி துவைக்கத் தண்ணீர் இல்லாமல் எரிச்சலில் உட்கார்ந்திருந்தபோது பிரபுசங்கர் வந்து நின்றார். கையில் ஸ்பேனர் பெட்டி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றினார். ஊரில் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவராம். மதியத்துக்குள் தண்ணீர் கொட்டியது. காபி வேண்டாம் என்று மோர் வாங்கிக் குடித்தார்.

தமீமின் வாப்பாவுக்கு மதுரையில் நெஞ்சு அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவர் இவர்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இந்த மனிதரை வெறுக்க முடிந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

உப்பளத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடியது. கை எப்படி இருக்கிறது, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். எத்தனை அடியில் போனீர்கள் என்று நான் கேட்டபோது ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

ஜனவரி 27

தமீம் கடைசியில் பேசினான். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பஞ்சு உருண்டையைப் பிய்த்துக்கொண்டே பேசினான். பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் காயல் வந்ததும் பிரபுசங்கர் இறங்கிவிடுவாராம். பின்னிருக்கையிலும் உயரமானி உண்டு. அதில் அவன் பார்த்த குறைந்த எண் முப்பது அடி. பனை மரத்துக்கு மேலே தூக்கி, மறுபடி கீழே இறக்குவாராம்.

"பயத்தைச் சொல்றதுக்கு வெக்கமா இருக்கு மேடம். ஒரு தடவை பறந்து இறங்குனா ரெண்டு நாளைக்கு என் மகளைத் தூக்கவே கை வரமாட்டேங்குது."

எழுதிக் கொடு என்றேன். உடனே எழுந்துவிட்டான். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கினால் இந்த வேலையில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றான். அவன் வாப்பாவுக்காக வராந்தாவில் படுத்திருந்தவரை எப்படிக் காட்டிக் கொடுப்பது என்றும் சொன்னான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வாக்கை வைத்துக்கொண்டு நான் சி.ஓ.விடம் போய் எதைச் சொல்வது?

ஜனவரி 30

விமானிகளுக்கு மாதாந்திர வகுப்பு. வேண்டுமென்றே இந்தத் தலைப்பை எடுத்தேன்: அசையாத தண்ணீருக்கு மேல் பறக்கும்போது கண் எப்படி ஏமாறும் என்பது. காற்றில்லாத நாளில் காயல் கண்ணாடி மாதிரி கிடக்கும். வெயில் புகைமூட்டத்தில் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நூறடியில் இருப்பதாக மூளை சொல்லும், இருப்பது பத்தடியில். அந்த வேகத்தில் தவறு என்று தெரிவதற்குள் முடிந்துவிடும்.

பிரபுசங்கர் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். முடிந்ததும் நல்ல வகுப்பு என்று பாராட்டினார். பிறகு எல்லார் முன்னிலையிலும், "புத்தகத்துல படிச்சது போதுங் டாக்டர். ஒரு நாள் நீங்களே வந்து பாருங்களேன்" என்றார். தளத்து மருத்துவர்கள் அவ்வப்போது பறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். நேரில் பார்த்தால் நானே சாட்சியாகிவிடலாம், வேறு யார் பெயரும் தேவைப்படாது என்பதுதான் காரணம்.

பிப்ரவரி 2

பறந்தேன்.

வயிற்றையும் தொடைகளையும் இறுக்கும் உடையை மாட்டி, வார்ப்பட்டைகளால் என்னை இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். கிளம்பியதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. மேகத்துக்கு மேலே போனோம். பிரபுசங்கர் ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தலை சுற்றுகிறதா, திரும்பலாமா என்று இரண்டு முறை கேட்டார்.

பிறகு காயல் வந்தது. இறங்கினார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உப்பளம் வெள்ளைச் சதுரங்களாக ஓடியது. எங்கள் நிழல் முதலில் தூரத்தில் ஒரு சின்ன மீனாக இருந்தது. கிட்டே வர வர வளர்ந்து, கடைசியில் விமானத்தின் அளவே ஆகி, பக்கத்திலேயே எங்களோடு ஓடி வந்தது. மேலே பறக்கும்போது வேகமே தெரியாது, கீழேதான் தெரிகிறது. நாரைக் கூட்டம் ஒன்று எழுவதற்குள் பின்னால் போய்விட்டது. உலகத்தில் எந்தக் கவலையும் மிச்சமில்லாத மாதிரி இருந்தது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆக்ஸிஜன் முகமூடிக்குள் யாருக்குத் தெரியும்.

அப்போது ஒரு பனையின் தலை என் கண் மட்டத்துக்கு மேலே போனது. உயரமானியைப் பார்த்தேன். நாற்பது.

"சார், மேலே ஏறுங்க" என்றேன்.

உடனே ஏறினார். ஒரு நொடி தாமதமில்லை.

இறங்கியதும் ஏணிக்கு அடியில் எனக்குக் கை கொடுத்தபடி சொன்னார்: "பாத்தீங்களா, நீங்க சொன்னீங்க, ஏறிட்டேன். பின்னாடி உக்கார்ற பசங்க ஒருத்தனாச்சும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லைங் டாக்டர். அப்புறம் நான் என்னன்னு நெனைக்கிறது?"

நாளை அறிக்கை எழுதி மேலிடத்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 3

காலாவதியான மருந்துகளைப் பிரித்து வைத்தேன். நாள் முழுக்க அதற்கே போய்விட்டது.

பிப்ரவரி 5

யூனிஃபார்ம் எல்லாவற்றையும் தேய்த்தேன். அறிக்கைக்குச் சரியான வாசகம் அமையவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பையன்கள் வாய் திறந்து சொன்னால் ஏறிவிடுகிற ஆள்தானே. தமீம் இரண்டு முறை மருத்துவ அறைப் பக்கம் வந்து போனதாக உதவியாளர் சொன்னார். நான் உள்ளேதான் இருந்தேன். வேலையாக இருந்தேன்.

பிப்ரவரி 8

தமீமை நானே கூப்பிட்டு அனுப்பினேன். பிரபுசங்கர் சொன்னதைச் சொல்லி, நீ ஏன் பறக்கும்போதே வாய் திறந்து சொல்லக்கூடாது என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"சொல்லியிருக்கேன் மேடம். மூணு தடவை. முதல் தடவை சிரிச்சாரு. ரெண்டாவது தடவை, கண்ணை மூடிக்கடா தம்பின்னாரு. மூணாவது தடவை நான் சொன்னது அவர் காதுலயே விழல."

பொய் சொல்கிறான் என்று நினைக்க ஒரு கணம் விரும்பினேன். ஆனால் பிரபுசங்கரும் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. விருந்தாளி சொன்னது கேட்டது. தனக்குக் கீழே இருப்பவன் சொன்னது கேட்கவே இல்லை. ஒருவரும் சொன்னதில்லை என்று அவர் மனதார நம்புகிறார்.

போகும்போது தமீம் கதவருகே நின்றான். "மேடம், உங்களுக்கும் புடிச்சுப் போச்சா?" என்று கேட்டான். இருமல் மருந்து வேண்டுமா என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 12

சண்முகக்கனி மாவுக்கட்டைக் காட்ட வந்தாள். கை சேர்ந்து வருகிறது. காது இரைச்சல் போகவில்லை. நேற்று உப்பளத்து மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பியை விமானம் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். கம்பி விழுந்த பாத்தியில் ஏழெட்டுப் பெண்கள் உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். கம்பி அறுபடச் சற்று முன்புதான் கஞ்சி குடிக்கக் கரையேறினார்களாம்.

"கொஞ்சம் முன்னாடி அறுந்திருந்தா எங்க அத்தனை பேரையும் வாரித்தான்மா போட்டிருக்கணும். யாருகிட்டப் போய்ச் சொல்லட்டும்? உங்ககிட்டத்தான் போன தடவையே சொன்னனே."

அவள் போனதும் விமானங்கள் நிறுத்தும் கொட்டகைக்குப் போனேன். பிரபுசங்கரின் விமானத்தின் வயிற்றில், ஆணியால் கோடு இழுத்தது போல ஒரு நீளக் கீறல். தரைப் பணியாளர்கள் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நேற்றுப் பின்னிருக்கையில் இருந்தவன் தமீம். அவனைத் தேடிப் பிடித்தேன். கம்பிதானா என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

சி.ஓ.விடம் ஓடினேன். ஓடுபாதையில் கிடந்த கல் தெறித்த கீறல் என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. மின்கம்பி பழசாக இருந்திருக்கும் என்றார். நானும் நாற்பது அடியில் பறந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். என்றைக்கு என்று கேட்டார். இரண்டாம் தேதி என்றேன். இன்று தேதி என்ன டாக்டர் என்றார்.

பத்து நாளாகியிருந்தது. 

பிப்ரவரி 13

காலையில் பிரபுசங்கர் வழக்கம்போலக் கை நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"என்னுங்க, மை தீந்து போச்சா?"

"நீங்க இன்னைக்குப் பறக்க வேண்டாம் சார். நாளைக்கும் வேண்டாம். நீங்க பறக்கற நிலைமையில இல்ல."

"என்ன நோவு எனக்கு?"

"மின்கம்பியை அறுத்துட்டு வந்து ராத்திரி நல்லாத் தூங்கியிருக்கீங்க. அதுதான் நோவு."

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. புண்பட்டவர் போல என்னைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். தீர்மானம் எடுக்கும் திறன் குறைந்துள்ளது, பறக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்குள் சி.ஓ. கூப்பிட்டுவிட்டார். இந்த முறை தேநீர் வரவில்லை. இது நோயே அல்ல, இதற்கு மருத்துவப் பெயர் என்ன என்று கேட்டார். பெயர் தெரியாது, ஆனால் ஆளைக் கொல்லும் என்றேன்.

பிப்ரவரி 16

விமானப்படையின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மூத்த மருத்துவர் ஒருவர் வந்தார். பிரபுசங்கரைத் தலை முதல் கால் வரை பரிசோதித்து, முழுத் தகுதி என்று சான்றிதழ் கொடுத்தார். தனியாக என்னிடம், உன் கோபம் புரிகிறது, ஆனால் கோபத்தை நோயென்று எழுதக்கூடாது என்றார். விழா முடிந்ததும் எனக்கு மாற்றல் வரும் என்று சி.ஓ. அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். மேலிடத்துக்கு நேற்றே அறிக்கை அனுப்பிவிட்டேன். இப்போதுதான் வாசகம் அமைந்தது. பதில் எப்போது வருமோ.

பிப்ரவரி 18

விழாச் சாகசத்துக்கு நாளை ஒத்திகை. பின்னிருக்கையில் தமீம். அவனைக் கூப்பிட்டு, காது வலி என்று நானே எழுதித் தருகிறேன், இரண்டு வாரம் வீட்டிலிரு என்றேன்.  வேண்டாம் மேடம், எனக்குக் காது வலிக்கவில்லை என்றான். அப்படியானால் பறக்கப் போகிறாயா என்றேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்தப் பையன்களோடு எனக்கு மண்டை வெடிக்கிறது.

பிப்ரவரி 19

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் இருவரையும் பரிசோதித்தேன். இருவருக்கும் கையெழுத்துப் போட்டேன். மறுக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. பிரபுசங்கர் என்னோடு பேசவில்லை.

காற்றே இல்லை. புகைமூட்டமான வெயில். ஒத்திகை பார்க்கக் குடும்பங்கள் கூட வந்திருந்தன. ஆம்புலன்ஸோடு நான் ஓடுபாதை ஓரத்தில் நின்றேன். பிரபுசங்கர் ஏணியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தமீம் ஏணியின் முதல் படியில் கால் வைத்தான். எடுத்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"நான் வரல சார்."

மேலிருந்து பிரபுசங்கர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"உடம்பு நல்லாருக்கு சார். நீங்க தாழப் பறக்குறீங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குறீங்க. அதனால வரல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தரைப் பணியாளர்கள், மற்ற விமானிகள், சி.ஓ. எல்லாரும் கேட்கும் தூரத்தில் நின்றார்கள்.   பிரபுசங்கர் அவனையே பார்த்தார். பிறகு, சரி தம்பி, நீ போய் உட்கார் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி மூடியை இறக்கினார். அந்த நொடியில் சி.ஓ. ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும். தூக்கவில்லை. பிரபுசங்கர் தனியாகவே கிளம்பினார்.

முதல் சுற்று சரியான உயரம். இரண்டாவதும் சரி. அவன் சொன்னது காதில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில் காயல் பக்கமிருந்து திரும்பி வரும்போது இறங்கினார். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. விமானம் எதன் மேல் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வால் பக்கம் வெள்ளையாக ஒரு கோடு எழுந்தது. வால் தண்ணீரைத் தொட்டுவிட்டது. மூக்கு மேலே எகிறியது, பக்கவாட்டில் சரிந்தது, அப்போது அவரோடு இருக்கை வெடித்து வெளியே வந்தது. பாராசூட் குடை முழுதாக விரியவில்லை.

விமானம் காயலுக்குள் போனது. அவர் உப்பளத்துப் பாத்தியில் விழுந்தார். நாங்கள் போய்ச் சேருமுன்பே உப்பளத்து ஆட்கள் முழங்காலளவு சேற்றில் இறங்கி அவர் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். சண்முகக்கனி ஒரு கையால் குடையின் கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

முதுகெலும்பு முறிந்திருக்கிறது. இடது தொடை எலும்பும். ஆம்புலன்ஸில் நினைவு இருந்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தமீம் எங்க?"

"அவன் வரல சார்."

"பின்னாடி இருந்தானே. அவன் சீட்டு வெளிய வந்துச்சா? பாத்தீங்களா?"

அவன் ஏணியிலேயே நின்றுவிட்டான், பின்னிருக்கையில் யாருமில்லை என்று சொன்னேன். கண்ணை மூடுவார். திறப்பார். மறுபடி, "தமீம் எங்க? அவனுக்கு மக இருக்கு டாக்டர்" என்பார். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர் அழுதார்.

பிப்ரவரி 20

விழா ரத்து. மேலிடத்துப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து என் அறிக்கை கிடைத்ததாகப் பதில் வந்திருக்கிறது.

பிப்ரவரி 27

விசாரணைக் குழு வந்து நான்கு நாளாகிறது. விமானம் காயல் சேற்றில் ஆழப் புதைந்திருக்கிறது. பதிவுக் கருவி கிடைக்குமா, கிடைத்தாலும் தேறுமா என்று தெரியாது. அதற்குள் தளம் முழுக்க ஒரே பேச்சு: பறவை. பறவை மோதி எஞ்சின் போயிருக்கும். காயலில் நாரை இல்லாத நாள் உண்டா? தவறு யாருடையதும் இல்லை என்றாகிவிடும். சி.ஓ. தலை நிமிர்ந்து ஓய்வு பெறலாம். பிரபுசங்கரின் மனைவி வித்யாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி நடக்க மாட்டார் என்கிறார்கள், பெயராவது மிஞ்சட்டும் டாக்டர் என்று கெஞ்சினாள். 

நானும் தமீமும் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். தமீமிடம் வேறு மாதிரிக் கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். பறக்கப் பயமா? முன்பும் காது வலி என்று விடுப்பு எடுத்தாயே, அது பொய்யா? அந்தக் காது வலிக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். என்னையும் கேட்டார்கள். பொய்தான் என்றேன்.

உணவுக்கூடத்தில் தமீம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவன் போய் உட்கார்ந்தால் மேஜை காலியாகிவிடுகிறது. அவன் பின்னால் இருந்திருந்தால் பறவையைப் பார்த்து எச்சரித்திருப்பான் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். வயிற்று வலி, கழுத்துப் பிடிப்பு என்று வந்து நின்ற அந்த இரண்டு பேரும் அப்படிச் சொன்னவரின் மேஜையில்தான் இருந்தார்கள். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மார்ச் 4

தமீமை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், அலுவலக வேலைக்கு. குடும்பத்தைக் கீழக்கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு வாரம் விடுப்பு. சொல்லிக்கொள்ள வந்தான். செய்தது சரிதான் என்று நான் சொன்னதற்கு, சரியாக இருந்து என்ன மேடம் என்றான்.

எனக்கு மாற்றல் உத்தரவு இன்னும் வரவில்லை. வீட்டுச் சாமான்களைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி கட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரபுசங்கர் மல்லாந்து படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தாடி வளர்ந்திருந்தது. ஷேவ் செய்துவிடவா என்று கேட்டேன், சரி என்றார். செய்துவிட்டேன். தோப்பைப் பற்றிப் பேசினோம். இந்த வருடம் வெள்ளை ஈ அடித்துக் காய்ப்பே இல்லையாம்.

நாளை விசாரணைக் குழு அவரிடம் வாக்குமூலம் வாங்க வருகிறது. அதைச் சொன்னதும் மேற்கூரையைப் பார்த்தபடி, "பறவைதானுங் டாக்டர்" என்றார். "பறவைன்னே இருந்துட்டுப் போகட்டும்."

  துண்டை நனைத்து அவர் கன்னத்திலிருந்த நுரையைத் துடைத்தேன்.

"ஆம்புலன்ஸ்ல வந்தது ஞாபகம் இருக்கா சார்?"

இல்லை என்றார்.

"வழி பூரா என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டே வந்தீங்க. பறவையைப் பத்தி ஒரு தடவைகூடக் கேக்கல. தமீம் எங்கன்னுதான் கேட்டீங்க. அவன் செத்துட்டான், நீங்கதான் கொன்னுட்டீங்கன்னு நெனச்சுட்டு அழுதீங்க."

அவர் முகம் மாறியது. தலையை மட்டும்தான் திருப்ப முடியும். சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தமீமின் மாற்றலைச் சொன்னேன். உணவுக்கூடத்தில் மேஜை காலியாவதைச் சொன்னேன். அவன் பின்னால் இருந்திருந்தால் பறவையைப் பார்த்திருப்பான் என்று பேசிக்கொள்வதையும் சொன்னேன். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இருபது அடி" என்றார் சுவரைப் பார்த்தபடி.

நின்றேன்.

"நூறுல இருக்கறதா நெனச்சேன். பாத்தா இருபது. பறவை ஒண்ணும் வரலைங். நாளைக்கு அப்படியே சொல்லிடறேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன் சொன்னான் டாக்டர். காயல்கிட்ட, மூணு தடவை சொன்னான். எனக்குக் கேட்டுச்சு."

வராந்தாவுக்கு வந்து, விடுப்பில் கீழக்கரையில் இருக்கும் தமீமுக்கு ஃபோன் செய்தேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும். சாரை வந்து பார்க்கிறாயா என்று மட்டும் கேட்டேன். பக்கத்தில் குழந்தை ஏதோ மழலை பேசுவது கேட்டது.  பிறகு, ராமநாதபுரத்திலிருந்து அங்கே வர முதல் பஸ் எத்தனை மணிக்கு மேடம் என்று கேட்டான்.